அவர் பெயரில் இருந்த அட்டை

ஒக்டோபர் 21, செவ்வாய்

விடியலில் மழை. பிறகு சுள்ளென்று வெயில். எத்தாளையில் பாலர் கிளினிக். தராசின் கொக்கி துருப்பிடித்துவிட்டது, புதிதுக்கு எழுதிக் கேட்க வேண்டும். சத்துமா பக்கெட் எல்லோருக்கும் போதவில்லை. தாய்மாருக்கு முகக்கோணல்.

ஒரு பிள்ளையைத் தராசுப் பையில் இருத்தும்போது போன் அதிர்ந்தது. பார்க்காமலே என்னவென்று தெரிந்தது. தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையின் தாய் கேட்டாள், "என்ன மிஸ், நிறை குறஞ்சிட்டா?"

"இல்ல. நல்லா இரிக்கி."

மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். சிலாபம், ஒரு போன் கடை. என் கணவரின் அட்டை.

என் தலைக்குள் ஒழுங்கில்லை. ஒருமுறையாவது வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களுக்கு முன், மே மாதம், அவரும் அவர் தம்பி ரிஸ்மியும் மீன்பிடிக்கப் போன போட் கவிழ்ந்தது. ரிஸ்மியை வேறு போட்காரர் தூக்கி வந்தார்கள். அவரைக் காணவில்லை. கடற்படை தேடியது, ஊர் தேடியது. ரிஸ்மி சொன்னது: தனக்கு மயக்கம் வந்தது, கண் திறந்தபோது நானா, அவன் அண்ணன், பக்கத்தில் இல்லை, தூரத்தில் ஒரு ட்ரோலரின் வெளிச்சம் தெரிந்தது. பேர்ஸும் போனும் நானாவோடு கடலில்.

அந்த ட்ரோலர் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இருந்தேன்.

மருத்துவிச்சி வேலை, அரசாங்கச் சம்பளம் என்பதால் வங்கி எனக்குக் கடனட்டை தந்தது. டீசலுக்கும் எஞ்சின் சாமானுக்கும் என்று அவர் பெயரில் ஒரு துணை அட்டையும் எடுத்துக் கொடுத்திருந்தேன். அதைப் பாவித்தால் எனக்குச் செய்தி வரும். ஜூனில் வந்தது. மாதம்பை, பெற்றோல் ஷெட்.

குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

பிறகு மாரவில, சாப்பாட்டுக் கடை. நீர்கொழும்பு, செருப்புக் கடை. அந்தச் செருப்புக் கடைக்குத்தான் அதிகம் அழுதேன். செருப்பைக் கடல் கொண்டுபோயிருக்கும், வெறுங்காலோடு இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று. பிறகும் மாதாமாதம் ஏதாவதொரு கடை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது அதற்கு ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள்.


ஒக்டோபர் 23, வியாழன்

புழுக்கம். காற்றே இல்லை. பகல் பாணும் பருப்பும். வாயில் வைக்கும்போது புத்தளம் வங்கியிலிருந்து போன் வந்தது. இளம்பெண் குரல், வன்னிப் பக்கத்துப் பேச்சு.

எல்லை முட்டப் போகிறதாம். மூன்று மாதமாகக் குறைந்த தவணை மட்டும் கட்டியிருக்கிறேனாம். முழுப் பாவனையும் துணை அட்டையிலாம்.

"அட்டை உங்கட கணவரிட்டத்தானே இருக்கு?"

"ஓம்."

"அவர் வீட்டிலயோ?"

"வெளியூர்ல. வேலை."

அவர் வெளியூரில் வேலை. சொன்ன பிறகு கொஞ்ச நேரம் அது உண்மையாகவே இருந்தது. பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தேன். மகள் ஸைனப் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை கிளைக்கு வரச் சொன்னார்கள்.

அதற்கு முன் சிலாபம் போக வேண்டும். போன் கடைக்காரன் அவரைப் பார்த்திருப்பான். ஆள் மெலிந்துவிட்டாரா, தாடி வைத்திருக்கிறாரா. தலையில் அடிபட்டு எல்லாம் மறந்திருந்தால்கூட அட்டையின் இரகசிய இலக்கம் நினைவிருக்கிறதே. அது ஸைனபின் பிறந்த வருடம். அது நினைவிருந்தால் மற்றதும் வரும்.


ஒக்டோபர் 25, சனி

மாமியிடம் சீருடைத் துணி எடுக்கப் போகிறேன் என்றேன். அவரின் உம்மா. எங்கள் வளவிலேயே பின்வீட்டில் ரிஸ்மியோடு இருக்கிறார். ஸை.க்கு டியூசன்.

பாலாவியில் இறங்கி கொழும்பு பஸ். உப்புக் குவியல்களைக் கிடுகு போட்டு மூடியிருந்தார்கள். கைப்பையில் அவரின் படம். எந்தப் படம் என்று நேற்று முழுக்க யோசித்தேன். கலியாணப் படத்தில் வேறு ஆள் மாதிரி. அடையாள அட்டைக்கு எடுத்ததில் கோபக்காரன் மாதிரி. கடைசியில் போட்டில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிரிக்கும் படம்.

பஸ்ஸில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு முதுகையும் பார்த்தேன்.

கடை பஸ் நிலையத்துக்குக் கிட்ட. சிங்களக் கடைக்காரர். எனக்குச் சிங்களம் வரும், இருந்தும் அவர் தனக்குத் தெரிந்த தமிழில்தான் பேசினார். படத்தைப் பார்த்தார்.

"இந்த ஆள் இல்லை நோனா. தம்பி ஆள் வந்தது. நம்பர் அடிச்சது, சரி வந்தது. நான் குடுத்தது."

பயந்துவிட்டார் போல. நான் கேட்காமலே கமெராவில் பதிந்ததைத் தன் போனில் எடுத்துக் காட்டினார்.

தொப்பி. கழுத்தைச் சொறியும் கை. ஒருமுறை நேராகக் கமெராவைப் பார்த்தான்.

ரிஸ்மி.

நன்றி சொன்னேன். ஒன்றும் வாங்காமல் வெளியேற வெட்கமாக இருந்தது. போனுக்கு ஒரு உறை வாங்கினேன். அளவு சரியில்லை.

வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. யாரையும் பார்க்கவில்லை. மாதம்பையில் அவர் இல்லை. மாரவிலவில் இல்லை. நீர்கொழும்பில் இல்லை. நான் கூடவே நடந்து வந்த ஆள் ஒவ்வொரு ஊராக அழிந்துகொண்டு வந்தார். பாலாவிக்கு வந்தபோது ஒருவரும் மிச்சமில்லை.

சீருடைத் துணி வாங்க மறந்துவிட்டேன். மாமி கேட்டார். அந்த நிறம் கிடைக்கவில்லை என்றேன்.


ஒக்டோபர் 26, ஞாயிறு

ரிஸ்மி மீன் கொண்டுவந்தான். கிழமைக்கு ஒருமுறை கொண்டுவருவான். போட் போனதிலிருந்து மற்றவர்களின் போட்டில் கூலிக்குப் போகிறான், கிடைத்ததில் எங்களுக்கும் ஒரு பங்கு. கிணற்றடியில் குந்தியிருந்து செதில் உரித்தான். நான் வாசலைப் பார்த்தேன். மண்ணிறச் செருப்பு, பட்டியில் வெள்ளைத் தையல். ஜூலையிலிருந்து என் வாசலில் கழற்றி வைக்கப்படும் செருப்பு. அதைத் தாண்டித்தான் நான் தினமும் உள்ளே போய் அந்தச் செய்தியை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

"அந்தச் செருப்பு நீர்கொழும்புல வாங்கினதா?"

கத்தி நின்றது.

"சிலாபத்துக்குப் போய்ட்டு வந்த நான்," என்றேன்.

பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பேர்ஸும் போனும் கடலில் போகவில்லை. வழக்கம்போல அவர் அவற்றைக் கரையில் மீன்வாடிக் கொட்டிலுக்குள் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போனார். டீசல் எடுக்க அவரே ரிஸ்மியை அனுப்புவார், அதனால் இலக்கம் அவனுக்குத் தெரியும்.

"ஏன் கடல்ல போச்சுண்டு சொன்ன?"

"அந்த நேரம் ஒருத்தரும் கேக்கல்ல மதினி. பிறகு கேட்டப்போ வாயில வந்திட்டு. அதுக்குப் பிறகு மாத்தேலா."

"இவ்வளவையும் என்ன செஞ்ச?"

"முதல்ல நானாவத் தேடிப் போன செலவு. பெற்றோல், சாப்பாடு. கால்ல ஒண்டும் இல்லாமப் போனதால செருப்பு." கத்தியைத் தண்ணீரில் கழுவினான். "பிறகு போன்ல காசு வெச்சி ஆடுற கேம். எப்ப அதுல எறங்கினேன்டு எனக்கே தெரியா."

அட்டையில் சாமான் வாங்கி விற்று அந்தக் காசில் ஆடியிருக்கிறான். சிலாபத்தில் வாங்கிய போனும் அடுத்த நாளே அப்படிப் போயிருக்கிறது.

அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் வேறொன்று முந்திக்கொண்டது. "தேடிப் போனேன்டா, அப்ப அவர் எங்கயாவது இரிக்கலாம்தானே?"

மீனை அரிந்து சட்டியில் போட்டுவிட்டுப் போனான். வழக்கமாகத் தனக்கு ஒரு துண்டு எடுத்துவைக்கச் சொல்வான். இன்று சொல்லவில்லை.


ஒக்டோபர் 27, திங்கள்

அரை நாள் லீவு. புத்தளம். தூறல்.

அன்று போனில் பேசிய பிள்ளைதான். சின்னப் பெண், கண்ணாடி. சிறுவயதில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே குடியிருக்கும் குடும்பமாம். தேத்தண்ணீர் தரச் சொன்னாள். நடந்ததைச் சொன்னேன். பாவித்தது என் கணவரின் தம்பி என்றேன். கணவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். "துணை அட்டையில போறது எல்லாம் உங்கட பொறுப்புத்தான் அக்கா. அதால ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்டு, உங்கட கணவர்தான் பாவிச்சவர் எண்டு ஒத்துக்கொண்டு கையெழுத்து வையுங்கோ. தவணை போட்டுத் தரலாம். மற்றது, வேற ஆள் களவாப் பாவிச்சது எண்டால் பொலிஸில முறைப்பாடு செய்யவேணும். ஆளின்ட பேரோட."

"வீட்டு ஆளுக்குமா?"

"வீட்டு ஆளுக்கும்தான். பேர் தெரிஞ்சும் முறைப்பாடு செய்யாமல் விட்டால், நீங்கள் குடுத்துத்தான் அவர் பாவிச்சவர் எண்டு எடுப்பினம்." இரகசிய இலக்கத்தை இன்னொருவருக்குச் சொன்னதே பிழையாம். என் கணவர் சொன்னாலும் என் தலையில்தான். பிறகு திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "ஒவ்வொரு முறையும் உங்களுக்குச் செய்தி வந்திருக்கு. ஏன் அக்கா நிப்பாட்டச் சொல்லேல்லை?"

தேத்தண்ணீரைக் குடித்தேன். ஆறிவிட்டது.

குரலைத் தாழ்த்தினாள். "அவர் எங்க?"

"கடலுக்குப் போனவர்."

அவளுக்கு விளங்கிவிட்டது. கொஞ்சநேரம் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தாள். "எங்கட அண்ணாவும் அப்பிடித்தான். சண்டைக்குள்ள காணாமல் போனவர். வீட்டு ஆக்களின்ட பேரைப் பதிய ஆர் வந்தாலும் அம்மா இன்னும் அவற்ற பேரையும் சொல்லுவா. வெளிநாட்டில எண்டு."

அடுத்த திங்களுக்குள் ஒரு முடிவோடு வரச் சொன்னாள்.

வரும்போது: தேங்காய் எண்ணெய், ஸை.க்குக் கொப்பி, மாமியின் பிரஷர் குளிசை.


ஒக்டோபர் 28, செவ்வாய்

காலை நான்கு வீடு. நிறைமாதக்காரி ஒருத்தியின் கால் வீங்கியிருக்கிறது. நாளை மறுபடி பார்க்க வேண்டும்.

மாலை மாமி வந்தார். ரிஸ்மி சொல்லிவிட்டான். மாமி கதிரையில் உட்காரவில்லை, அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கையெழுத்துதானே மகள். நௌபர்தான் செலவழிச்சண்டு போடு. ரிஸ்மி உழைச்சிக் கொஞ்சம் கொஞ்சமா கட்டட்டும்."

"பொய்யில்லயா மாமி?"

"என்ன பொய்? அவன் உசிரோட இரிக்கான்டு நீதானே சொல்ற. மௌலவி வந்து கேட்டப்போவும் அதத்தானே சொன்ன." அழ ஆரம்பித்தார். "ஒரு மகன கடலுக்குக் குடுத்த நான். மத்தவன பொலிசுக்குக் குடுக்கேலா பரீனா."

உயிரோடு இருக்கிறான், கடலுக்குக் கொடுத்தேன். இரண்டும் ஒரே மூச்சில். அவருக்கு அது உறைக்கவில்லை. எனக்கும் இவ்வளவு காலம் உறைக்கவில்லை.

மௌலவி வந்தது ஜூனில். புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்கும் இத்தாவை நான் இருக்க வேண்டுமா என்று ஊரில் கதை வந்தது. என்னிடம் கேட்டார். அவர் இருக்கிறார் என்றேன். நிச்சயம் தெரியாமல் இத்தா இல்லை, பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் உடுத்தும் நிறங்களை ஊர் பார்க்கிறது.

மாமியிடம், திங்கட்கிழமை கையெழுத்து வைக்கிறேன் என்றேன்.

மாமிக்காக என்று எழுதினால் அது பொய். எனக்காகவும்தான். கையெழுத்து வைத்தால் அவர் மாதம்பையில் பெற்றோல் அடித்ததும் மாரவிலவில் சோறு சாப்பிட்டதும் வங்கிக் கணக்கில் உண்மையாகிவிடும். ஜூன், ஜூலை, ஒக்டோபர் எல்லாவற்றிலும் அவர் இருப்பார்.


ஒக்டோபர் 29, புதன்

கால் வீங்கியவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை, சத்தம் போட வேண்டி வந்தது.

ஸை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள், "சாச்சாதான் வாப்பாட கார்டைப் பாவிச்சிரிக்கார், என்ன?"

நேற்று எல்லாம் கேட்டிருக்கிறாள். ஓம் என்றேன்.

"எனக்கு அந்த மெசேஜ் எல்லாம் தெரியும் உம்மா. உங்கட போன்ல பாடம் பார்க்கக்குள்ள கண்ட. நீங்க எனக்குச் சொல்லல்ல. வாப்பா வந்து நிக்கட்டும், எனக்குச் சர்ப்ரைஸா இரிக்கட்டும்டு நீங்க மறைக்கிறண்டு நெனச்ச."

மடித்த துணியை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள்.

ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே ஆளுக்காக, ஒருவருக்கொருவர் தெரியாமல், கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.


ஒக்டோபர் 31, வெள்ளி

மழை விட்டு வெளிச்சம். ஜும்ஆத் தொழுகை முடிந்து ரிஸ்மி வந்தான். செருப்பை வேலியடியிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்தான். படியில் உட்கார்ந்தான். தொப்பி கையில். ஸை. பக்கத்து வீட்டு ஜெஸீமாவோடு இருந்தாள்.

"நானாதான் பாவிச்சண்டு எழுதப் போறீங்களாம்."

"ஓம். திங்கக்கிழமை."

"எழுத வேணாம் மதினி."

"ஏன்?"

"நானா இல்ல."

இல்லை என்றால் எங்கே இல்லை என்று கேட்டேன். பைத்தியக்காரி மாதிரி. அவன் அழுகையும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"போட் பிரண்டதும் ரெண்டு பேரும் அடிப்பக்கத்தில ஏறிப் புடிச்ச. நானாட தல எஞ்சின்ல அடிபட்டு ரத்தம். நானா கதைச்சிக்கிட்டுத்தான் இரிந்த. ஸைனபுக்கு எப்ப சோதின தொடங்குதுண்டு கேட்ட. ரெண்டாந்தரமும் அதையே கேட்ட. பிறகு கதைக்கல்ல."

"மயக்கமா இருந்திரிக்கும்."

"இல்ல மதினி."

"மூச்சு பாத்தியா? எப்படிப் பாத்த?"

"மூக்குல கை வெச்ச. நெஞ்சில காது வெச்ச. கண் தொறந்தே இரிந்த, நான்தான் மூடின. காதுல கலிமா சொன்ன."

வேறு பெண்களின் வீட்டில் நான் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். தப்பிக்க ஒரு இடமும் கிடைக்கவில்லை.

"கரைக்குக் கொண்டு வாறண்டு கயித்தால என்ட இடுப்போட கட்டிக்கிட்ட. அல கூடிச்சி. அவர் கீழ போற, நானும் போற. மேல வாற, திரும்பப் போற." அவன் கை இடுப்பில் எதையோ தேடியது. "நான்தான் முடிச்ச அவுத்த மதினி. என்ட கையால. விடிஞ்சி வெளிச்சம் வந்திட்டு அப்ப. போறதக் கண்ட."

"ட்ரோலர்?"

"ட்ரோலர் இல்ல. கரைக்கு வந்ததும் உம்மா, 'நானாவ எங்கடா உட்ட'ண்டு கேட்ட. 'உட்ட'ண்டு கேட்டதும் எனக்கு வாய் வரல்ல. வெளிச்சம் தெரிஞ்சண்டு சொன்ன. நீங்க அதப் புடிச்சிக்கிட்டீங்க."

"அப்ப எங்க போய்த் தேடின?"

"மையத்தத்தான். எங்கயாவது ஒதுங்கினா அடக்கமாவது செய்யலாமே. மாதம்பை, மாரவில, நீர்கொழும்பு எல்லாக் கரையும் போன. ஆஸ்பத்திரிகள்ல போய் வெச்சிரிக்கிற மையத்தெல்லாம் பாத்த. ஒண்டும் நானா இல்ல. பிறகுதான் அந்த கேம். அத ஆடக்குள்ள மட்டும் கடல் தெரியாது."

அவன் உயிரற்ற உடலைத் தேடிப் போன வழியெல்லாம் நான் உயிரோடு ஒருவரை நடத்திக்கொண்டு போயிருக்கிறேன்.

தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னான், "பொலிசுக்குப் போவம். கார்டையும் சொல்றன், நானாவையும் சொல்றன். அவர் பாவிச்சண்டு எழுதினா அவர் இன்னும் ஜனாஸாத் தொழுகை இல்லாமலே திரியணும்."

மாமியிடம் நீயே சொல் என்றேன். எழுந்து பின்வீட்டுக்குப் போனான். பிறகு மாமியின் சத்தம் கேட்டது. அதை எழுத முடியாது.


நவம்பர் 1, சனி

ஸை.யிடம் சொன்னேன். சோதனையைப் பற்றி வாப்பா கேட்டதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ தெரியவில்லை. போய்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இருந்தாள்.

சமைக்கவில்லை. ஜெஸீமா சோறு அனுப்பினாள்.


நவம்பர் 3, திங்கள்

பொலிஸ் நிலையம். காலையிலேயே வியர்வை. மாமியும் வந்தார், ஓட்டோவில் என் பக்கத்தில்தான், ஆனால் முகம் வெளியே.

எழுதிய சார்ஜன்ட் சிங்களவர், நடுத்தர வயது. ரிஸ்மி சிங்களத்தில் சொன்னான். இரண்டு விடயம் என்றதும் எதை முதலில் எழுத என்று கேட்டார். ரிஸ்மி என்னைப் பார்த்தான். பிறகு, நானாவை முதலில் என்றான்.

காலை முழுக்க அதற்கே போனது. கயிற்றின் நீளம் என்ன, எந்தப் பக்கம் இழுத்தது, ஏன் அப்போது பொய் சொன்னாய். சார்ஜன்ட் ஒரு இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். உடல் கிடைக்காதபடியால் நீதவான் விசாரித்த பிறகுதான் மரண அத்தாட்சி கிடைக்குமாம்.

அட்டை விடயம் சீக்கிரம் முடிந்தது. முறைப்பாட்டாளர் நான். சந்தேகநபர், கணவரின் சகோதரன். வாசித்துக் காட்டி, கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். நான் இந்த வீட்டுக்குக் கலியாணமாகி வந்தபோது இவன் பள்ளிக்கூடக் காற்சட்டையோடு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவன்.

பேனை எழுதவில்லை. வேறு பேனை தந்தார்கள். வைத்தேன்.

ரிஸ்மி இன்று உள்ளே. நாளை நீதிமன்றம். மாமி வாங்கில் உட்கார்ந்திருந்தார். "வாங்க மாமி, போவம்" என்றேன்.

"நீ போ. நான் இவனோட இரிக்கப் போறன். ஒருத்தனாவது கண்ணுக்கு முன்னால இரிக்கட்டும்."

தனியே வந்தேன்.


நவம்பர் 4, செவ்வாய்

பிணை கிடைத்தது. மாமியின் தம்பி கையெழுத்து வைத்தார். வழக்கு இழுக்கும் என்கிறார்கள்.

வங்கிக்கு முறைப்பாட்டுப் பிரதியைக் கொண்டுபோனேன். அந்தப் பிள்ளை என் கண் முன்னாலேயே அட்டையை நிறுத்தினாள். இரண்டு விசையைத் தட்டினாள், அவ்வளவுதான். விசாரணை முடியும்வரை வட்டி ஏறாது. ஆனால் முழுவதும் தள்ளுபடியாகாதாம். காரணம், இலக்கத்தைச் சொன்னது, செய்தி வந்தும் பேசாமல் இருந்தது, அட்டை கணவரிடம் இருக்கிறது என்று நான் போனில் சொன்னது. அது பதிவாகியிருக்கிறதாம்.

"அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம் அக்கா."

"தெரியும்."

ரிஸ்மி திருடியது அவன் கணக்கில். தெரிந்தும் பேசாமல் இருந்தது என் கணக்கில். என்னைத் தீர்க்கச் சொன்னாலும் அப்படித்தான் தீர்த்திருப்பேன். கட்டுகிறேன் என்றேன்.

அவர் பெயருக்கு எதிரே மரணமடைந்த திகதி கேட்டாள். சொன்னேன். என் வாயால் முதல் தடவை. அவள் தட்டெழுதும் சத்தம் கேட்டது. நிமிரவில்லை.

எழும்பும்போது மெதுவாகக் கேட்டாள், "சொன்னாப் பிறகு எப்பிடி இருக்கு?" தன் அம்மாவுக்காகக் கேட்டாளோ என்னவோ.


நவம்பர் 7, வெள்ளி

நல்ல வெயில், மேகமே இல்லை. நேற்று ரிஸ்மி பள்ளிவாசலுக்குப் போய் மௌலவிக்கும் நிர்வாகத்தாருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னானாம்.

இன்று ஜும்ஆவுக்குப் பிறகு அவருக்கு இறுதித் தொழுகை, உடல் இல்லாத ஜனாஸா. ஒலிபெருக்கியில் அவரின் பெயரையும் அவரின் வாப்பாவின் பெயரையும் சொன்னார்கள். ஸை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்வீட்டு ஜன்னலில் மாமி. மூன்று பேரும் தக்பீரைக் கேட்டுக்கொண்டு நின்றோம். ரிஸ்மி கடைசி வரிசையில் நின்றான் என்று பிறகு சொன்னார்கள்.

நான் எல்லாம் ஆயத்தம். இத்தாவுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்குரிய தாய்மாரைப் பக்கத்துப் பிரிவு மிஸ்ஸிடம் ஒப்படைத்துவிட்டேன். ஜெஸீமா வெள்ளைத் துணி கொண்டுவந்தாள். முன்னறைக்குத் திரை கட்டினோம். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தோம். உண்மையைச் சொன்னால், அந்தத் திரைக்குப் பின்னால் போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது. யாரும் நிறம் பார்க்காத இடம். ஒன்றும் செய்யாமல் அவருக்காக மட்டும் இருக்கும் நாட்கள்.

அஸர் தொழுகைக்கு முன் மௌலவி வந்தார். விறாந்தையில் இருந்தபடியே பேசினார். ஆறுதல் சொன்னார், துஆ செய்தார். பிறகு தயங்கினார்.

"இத்தா மௌத்தான நாள்லேந்துதான் கணக்கு. தெரிய வந்த நாள்லேந்து இல்ல. ஜூன்ல நமக்கு நிச்சயம் தெரியா. இப்ப கண்ட ஆள் சாட்சி சொல்லியாச்சு. மே மாசம்டா, அந்தக் காலம் உங்களுக்குத் தெரியாமலே ஓடி முடிஞ்சிட்டு."

விளங்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"உங்களுக்கு இனி இத்தா இல்ல."

மெதுவாகத்தான் சொன்னார். போய்விட்டார்.

"அப்ப இந்தத் துணி?" என்றாள் ஜெஸீமா. கதிரையின் முதுகில் போட்டாள்.

கணக்குப் பார்த்தேன். செப்டம்பர் கடைசியில் முடிந்திருக்கிறது. அந்தக் கிழமை வண்ணாத்திவில்லில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். பச்சைச் சேலை. இந்தக் கொப்பியில் பின்னுக்குப் புரட்டிப் பார்த்தேன், புரியாணி நல்லா இருந்தது என்று எழுதியிருக்கிறேன். கூடவே, அவர் வந்தால் இப்படி ஒன்று சமைத்துக் கொடுக்க வேண்டும் என்றும்.

லீவை ரத்துச் செய்ய எழுத வேண்டும். திங்கள் வேலை.

திரையைக் கழற்றும்போது ஸைனப் கேட்டாள், "அழுறதுக்கும் காலம் முடிஞ்சிட்டா உம்மா?"

மௌலவியிடம் நான் அதைக் கேட்கவில்லை.